பக்கவாதத்துக்குப் பின் கை: பந்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையைக் கொடுங்கள்

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிற உறவினர்களில் ஒருவராவது மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்தோடு வருவார். சிரித்த முகம் அச்சடித்த பந்து. "இதைப் பிசைந்துகொண்டே இருங்கள், கை தானாக வந்துவிடும்" என்பார். எங்கள் வீட்டுக்கு அப்படி மூன்று பந்துகள் வந்தன. அப்பா தையல்காரர். நாற்பது வருடம் கத்தரி பிடித்த வலது கை ஒரு விடியற்காலையில் விழுந்துவிட்டது. ஐந்து வாரம் மாய்ந்து மாய்ந்து பந்தைப் பிசைந்தார். விரல்கள் மடங்குவதற்கு நன்றாகவே பழகிக்கொண்டன; திறக்கத்தான் வரவில்லை.

பிறகு வந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேரனிடம் கொடுத்துவிட்டார். பக்கவாதத்துக்குப் பின் பெரும்பாலோருக்கு விரல்கள் உள்நோக்கி மடங்கி இறுகுவதுதான் தொல்லை. அந்தக் கைக்கு மேலும் மேலும் மடக்கப் பயிற்சி கொடுத்து என்ன லாபம் என்று கேட்டார். அவரிடம் கற்றதையும், நாங்கள் தவறாகச் செய்து பட்டதையும் சேர்த்து, இந்தப் பாதையில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். இது தெரபிஸ்டுக்கு மாற்று அல்ல. அவர் வந்து போகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே இருக்கும் மீதி நாளுக்கானது.

யாரிடம் போவது

பிசியோதெரபிஸ்டை எல்லோருக்கும் தெரியும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்றால் "வேலை வாங்கித் தருபவரா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறைச் சிகிச்சை என்று ஆளுக்கொரு பெயர் சொல்வதும் குழப்பத்துக்குக் காரணம். சுருக்கமாக ஓ.டி. என்பார்கள். ஆனால் மருத்துவமனை வாசலில் "ஓ.டி. எங்கே?" என்று கேட்டால் நேரே அறுவை சிகிச்சை அரங்குக்கு வழி காட்டிவிடுவார்கள். ஆகவே முழுப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

இரண்டு பேரின் வேலையும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கிறது. தோராயமாகச் சொன்னால், பிசியோதெரபிஸ்ட் மூட்டும் தசையும் அசைய வழி செய்வார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்த அசைவைச் சட்டை போடுவதிலும், சாப்பிடுவதிலும், பூட்டைத் திறப்பதிலும் கொண்டு சேர்ப்பார். இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபிக்கான முதல் பள்ளியை 1950-இல் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். நம் பக்கத்தில் வேலூருக்கு இதில் தனி இடம் உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட், நிமிர்ந்த விரலுக்கு வேலை தெரியாவிட்டால் அறுவை வீண் என்று கண்டு, நோயாளிகளுக்குத் தச்சு வேலை போன்றவற்றைக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். அவர் வேலை செய்த அதே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-இல் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மறுவாழ்வு மருத்துவத் துறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். சென்னையில் கே.கே. நகரில் இதற்கென்றே அரசு நிலையம் இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம்.

முதல் வேலை: தோளைக் காப்பாற்றுங்கள்

விரலைப் பற்றிய கவலை பிறகு. முதல் வாரங்களில் காக்க வேண்டியது தோள்பட்டை. தோள் மூட்டைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் தசைகள்தான். அவை தளர்ந்தால் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுக்கும். தோளுக்கும் கை எலும்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் பள்ளம் தெரிந்தால் தோள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே நாங்கள் செய்த தவற்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாவைக் கட்டிலில் இருந்து எழுப்ப நானும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். நான்காம் நாள் தோள் வலி தொடங்கியது. தூக்கம் போனது. வலிக்குப் பயந்து பயிற்சியும் நின்றது. வலியை அடக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. எனவே:

பாதித்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால், தோள்பட்டை எலும்பின் மீது உள்ளங்கையை வைத்து அணைத்து எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை தொடையிலிருந்து நழுவித் தொங்கக் கூடாது. மடியில் ஒரு தலையணையை வைத்து அதன் மேல் கையை வையுங்கள். பாதித்த பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம், ஆனால் தோள் உடம்புக்கு அடியில் நசுங்காமல் முன்னே எடுத்து விட்டிருக்க வேண்டும். கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் தூளி நடக்கும்போது மட்டும் போதும். நாள் முழுக்க மாட்டினால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிடும்.

கையைத் தூக்கும் பயிற்சியிலும் ஓர் எல்லை உண்டு. தெரபிஸ்ட் உங்கள் கையைப் பிடித்துக் காட்டித் தராதவரை தோள் உயரத்துக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். கதவில் கயிறும் கப்பியும் கட்டி நல்ல கையால் பாதித்த கையை மேலே இழுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தளர்ந்த தோளுக்கு அது கெடுதல்.

இன்னொன்று: தொடு உணர்வு போயிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் சாவியையும் நாணயத்தையும் மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் அந்தக் கை சூட்டையும் உணராமல் போகலாம். வெந்நீரை எப்போதும் நல்ல கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்; அடுப்பங்கரைப் பக்கம் தனியாக விடக் கூடாது.

இன்று கை எங்கே நிற்கிறது

எல்லாக் கைக்கும் ஒரே பயிற்சி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்தது உங்கள் வீட்டில் பலிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். நான் மூன்று நிலைகளாகப் பிரித்துக்கொள்கிறேன்.

கை துணி போலத் தளர்ந்து கிடக்கிறது என்றால், கையைச் சரியான நிலையில் வைப்பதும், நல்ல கையின் துணையோடு அசைப்பதும், பிறகு சொல்லப்போகும் கண்ணாடிப் பயிற்சியும். தோளும் முழங்கையும் கொஞ்சம் அசைகின்றன, ஆனால் எல்லாம் ஒன்றாக மடங்கி இறுகுகிறது என்றால், நீட்டுவதும் திறப்பதும். விரல்கள் அசைகின்றன, ஆனால் மந்தமாகவும் தடுமாற்றமாகவும் இருக்கின்றன என்றால், சிறு சிறு பொருட்களோடு விரல் வேலை. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நகர எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். அதைத் துல்லியமாகச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். மெதுவானால் நின்றுவிட்டது என்று பொருள் இல்லை.

எந்த வேலை வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்

இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி இதுதான். "எந்த மூன்று வேலையை இந்தக் கையால் மறுபடி செய்ய ஆசை?" அப்பா சொன்னவை: வலது கையால் சாப்பிட வேண்டும், வேட்டி கட்ட வேண்டும், கத்தரி பிடிக்க வேண்டும். அம்மாவாக இருந்தால் கோலம், பூத் தொடுத்தல், புடவைக் கொசுவம் என்று சொல்லியிருப்பார்.

முதலில் சொன்ன ஆசை நம் ஊரில் கொஞ்சம் கனமானது. வலது பக்கம் விழுந்தவர்களுக்கு இடது கையால் சாப்பிடுவது கைக்கு மட்டும் அல்ல, மனத்துக்கும் வராது. அப்பா பத்து நாள் அரைவயிறு சாப்பிட்டார். கேட்டால் பசியில்லை என்பார். காரணம் புரிய எங்களுக்கு வெகு நேரம் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். தற்காலிகமாக இடது கையில் கரண்டி, கூடவே வலது கைக்குப் பயிற்சி என்று வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

மேசைத் துண்டில் தொடங்குங்கள்

மேசை முன் நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் பதிய உட்கார வையுங்கள். மடித்த துண்டின் மேல் பாதித்த உள்ளங்கையை வைத்து, அதன் மேல் நல்ல கையை வைத்து, மேசையைத் துடைப்பது போல முன்னே தள்ளி, முழங்கை நீண்டதும் திரும்ப வரச் சொல்லுங்கள். முன்னே, வலமாக, இடமாக. கவனிக்க வேண்டியது முதுகை. கையை நீட்டுவதற்குப் பதில் உடம்பையே முன்னால் சாய்த்து ஏமாற்றுவார்கள். அவர்களுக்கே அது தெரியாது. முதுகு நாற்காலியை விட்டு விலகாமல் எவ்வளவு தூரம் போகிறதோ அதுதான் அன்றைய உண்மையான தூரம். மேசையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

மூடிய விரல்களைத் திறக்க, நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்குங்கள், விரல்கள் தாமாகத் தளரும். பிறகு கட்டைவிரலை அடிப்பகுதியில் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். மற்ற விரல்கள் பின்னாலேயே திறக்கும். திறந்த உள்ளங்கையைக் கட்டில் விளிம்பில் பதித்து, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் அதன் மேல் சாய்த்து உட்காரச் சொன்னால் இறுக்கம் குறையும். இதைச் செய்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குவது எங்களுக்கு எளிதாக இருந்தது.

அடுத்தது டம்ளர். எவர்சில்வர் டம்ளர் வழுக்கும்; ரப்பர் பேண்டு நாலைந்து சுற்றிவிடுங்கள். காலியாகவே தொடங்குங்கள். பிடித்துத் தூக்குவதைக் காட்டிலும், வேறோரிடத்தில் வைத்துவிட்டு விரலை விடுவிப்பதுதான் பாடம். விடத் தெரியாத கையால் எதைப் பிடித்தும் பயனில்லை.

எத்தனை முறை? இங்கேதான் பெரும்பாலான வீடுகள் கோட்டை விடுகின்றன. வட அமெரிக்க மறுவாழ்வு மையங்களில் நோயாளிகளைக் கவனித்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சிகிச்சை நேரத்தில் கை செய்த பயனுள்ள செயலசைவு சராசரியாக 32 தடவைதான். மறு ஆண்டு 13 பேரிடம் செய்த சிறிய ஆய்வில், ஒரு மணி நேரத்தில் 300 தடவைக்கு மேல் செய்ய வைக்க முடியும் என்று காட்டினார்கள். 300 என்றதும் மலைக்க வேண்டாம். காலை, மாலை, இரவு என்று பிரித்து, ஒரு தடவைக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள் வலித்தால், முகம் சுளித்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டால் அன்றைக்கு அது போதும்.

ஒரு வாய்ச் சோறு

சோறு பிசைந்து உண்பதை நாம் ஒரே வேலை என்று நினைக்கிறோம். பிரித்துப் பாருங்கள்: கை தட்டு வரை போக வேண்டும்; மணிக்கட்டு சற்றே நிமிர்ந்து நிற்க வேண்டும்; விரல்கள் விரிய வேண்டும்; நுனிகள் கூடி உருட்ட வேண்டும்; முழங்கை மடங்கி வாய்க்கு வர வேண்டும்; கடைசியில் கட்டைவிரல் உள்ளே தள்ள வேண்டும். எது தடுக்கிறதோ அதை மட்டும் தனியே பழக்குங்கள்.

அப்பாவுக்குத் தடுத்தது கட்டைவிரல். வாய் வரை கை வரும், சோறு விழாது. நாங்கள் இட்லியில் தொடங்கினோம். பெரிய துண்டு, கையில் நிற்கும், ஒட்டாது. அடுத்து பொங்கல், பிறகு கெட்டித் தயிர் சாதம், பிறகு சாம்பார் சாதம். ரசம் சாதம் கடைசி. அதற்கு விரல் நுனிகள் நீர் ஒழுகாமல் நெருங்கி நிற்க வேண்டும், அது நல்ல கைக்கே சோதனை. உயரமான விளிம்புள்ள தட்டு, அடியில் நனைத்துப் பிழிந்த துணி, முழங்கை மேசை மேல். பசியோடு இருக்கும் முதல் ஐந்து வாய் மட்டும் பாதித்த கையால், மிச்சம் கரண்டியால். கரண்டியின் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினால் தடித்த பிடி தயார். கடையில் வாங்க வேண்டியதில்லை.

கீழே சிந்தும். சிந்தட்டும். ஊட்டிவிட ஓடி வரும் கையைத்தான் முதலில் அடக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அது அம்மாவின் கை.

உடுத்துவது

விதி ஒன்றுதான்: போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது பாதித்த கை கடைசியில். சட்டையை மடியில் விரித்து, விழுந்த கையைத் தோள் வரை நுழைத்து, முதுகில் சுற்றி, பிறகு நல்ல கை. பொத்தானைக் கீழேயிருந்து மேலே போடுங்கள்; அடிப் பொத்தான் கண்ணுக்குத் தெரியும். வேட்டிக்கு இப்போது ஒட்டும் பட்டை வைத்தது கிடைக்கிறது. அப்பா முதலில் அதை வேட்டியே இல்லை என்றார். பத்து நாளில் சமாதானமாகிவிட்டார்.

பல்லாங்குழி, கிளிப், கத்தரி

விரல்கள் கொஞ்சம் அசையத் தொடங்கியதும் வீட்டுக்குள்ளேயே கருவிகள் கிடைக்கும். துணி காயப்போடும் கிளிப்பைக் கயிற்றில் மாட்டிக் கழற்றலாம். பச்சைப் பட்டாணி உரிக்கலாம். பூரி மாவை இரண்டு கையாலும் தேய்க்கலாம். எல்லாவற்றிலும் மேலாக நான் சொல்வது பல்லாங்குழி. பதினான்கு குழிகள், புளியங்கொட்டைகள். குழியிலிருந்து விரல் நுனியால் அள்ளி, உள்ளங்கைக்குள் ஒதுக்கி, அங்கிருந்து ஒவ்வொன்றாக நுனிக்குக் கொண்டுவந்து ஒரு குழிக்கு ஒன்று என்று விட வேண்டும். மொத்தமாகக் கொட்டுவது எவருக்கும் வரும். ஒன்றை விட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் வித்தை. ஆட்டம் என்பதால் எண்ணிக்கையும் தெரியாமல் ஏறிவிடும்.

கத்தரி அப்பாவின் பாடம். அதை மூடுவது இறுகிய கைக்கும் எளிது. திறக்கக் கட்டைவிரல் விலக வேண்டும், மற்ற விரல்கள் எதிர்ப்பக்கம் நீள வேண்டும். பந்து தராததைக் கத்தரி தந்தது. துணி வேண்டாம், முதலில் செய்தித்தாள். கூர் மழுங்கிய சிறு கத்தரி.

கண்ணாடியும் கையுறையும்

கை துளியும் அசையாதவர்களுக்கும் செய்ய ஒன்று உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மேசையில் இரண்டு கைகளுக்கும் நடுவே நிறுத்துங்கள். பளபளப்பான பக்கம் நல்ல கையைப் பார்க்க வேண்டும்; பாதித்த கை பின்னால் மறைந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குள் பார்த்தபடி நல்ல கையைத் திறந்து மூடினால், விழுந்த கை அசைவது போல் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் அசைக்க முயல வேண்டும். மோதிரம், கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மனம் ஏமாறாது. நாளுக்கு அரை மணி நேரம் போதும். துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்கிறவர்களுக்காக இந்தக் கண்ணாடி முறையைக் கொண்டுவந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். பக்கவாதத்துக்கு இதைப் பயன்படுத்திய முதல் சிறு ஆய்வு 1999-இல் வந்தது.

நல்ல கைக்குக் கையுறை மாட்டிக் கட்டிப்போட்டு, பாதித்த கையையே வேலை வாங்கும் முறையைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். அமெரிக்காவில் 222 பேரிடம் சோதித்து 2006-இல் பலன் காட்டிய முறை அது. ஆனால் மணிக்கட்டைச் சுமார் 20 பாகையும் விரல்களைச் சுமார் 10 பாகையும் தாமாக நிமிர்த்தக்கூடியவர்களுக்கே அது பொருந்தும். அசைவே இல்லாதவரின் நல்ல கையைக் கட்டுவது கொடுமை. தடியூன்றி நடப்பவர் நடக்கும்போதும் கட்டக் கூடாது. தெரபிஸ்டின் மேற்பார்வை இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் ஓடுவது

கை வீங்கி, சிவந்து, தொட்டாலே வலித்தால் காத்திருக்காதீர்கள். இறுக்கம் கூடிக்கொண்டே போய் நகம் உள்ளங்கையில் குத்துகிற அளவுக்கு வந்தால், கையை நேராகத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் தேவையா, இறுக்கம் தளர்த்தும் ஊசி தேவையா என்று கேளுங்கள். ஸ்ப்ளின்ட்டைக் கடையில் அளவு பார்க்காமல் வாங்காதீர்கள். அழுத்திய இடத்தில் புண் வரும். திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, இன்னொரு கை கால் தளர்ந்தாலோ 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலை மாறாமல் நின்றபின் ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் மதிப்பிட்டால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டில் பலர் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தால் பஸ் கட்டணச் சலுகைதான் போகும்.

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, செய்த வேலை, எத்தனை முறை, எங்கே வலித்தது. நான்கே பத்திகள். தெரபிஸ்ட் வரும்போது "பரவாயில்லை" என்று சொல்வதைவிட அதைக் காட்டினால் அடுத்த பயிற்சியைச் சரியாக மாற்றுவார். எழுதும் பொறுப்பைப் பக்கவாதம் வந்தவரிடமே கொடுங்கள். அப்பா இடது கையால் எழுதினார். எழுத்து நண்டு ஊர்ந்தது போல இருக்கும். ஏழாம் மாதத்துப் பக்கம் ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: "பேப்பர். கத்தரி. 11 வெட்டு. கோணல்."